முழுக் கல்யாணத்தையும் காட்டச் சொல்லுங்கள்

கல்யாணப் போட்டோ பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வேம்பாரிலிருந்தும் அதைச் சுற்றிய கடற்கரை ஊர்களிலிருந்தும்தான் அதிகம் வந்தன. இந்த முறை பக்கம் முழுவதும் அந்தக் கரைக்கே.

மணப்பெண்ணின் அண்ணன், வேம்பார்: தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம். மூணு போட்டோகிராபரைப் பார்த்தாச்சு. மூணு பேர் காட்டின ஆல்பமும் அருமையா இருக்கு. யாரைப் பிடிக்க?

அவர்கள் காட்டியது பொறுக்கி எடுத்த முத்துக்களை. நூறு கல்யாணத்தில் தலைக்கு ஒரு படம் எடுத்துக் கோத்தால் யார் ஆல்பமும் அருமையாகத்தான் இருக்கும். 1961-ல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் சிப்பியை வாய் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் வாங்கியவர் பாடு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, திறந்து பார்த்தே வாங்கலாம். “ஏதாவது ஒரே ஒரு கல்யாணம், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நீங்க வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்த அத்தனை படத்தையும் காட்டுங்க” என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

காட்டினால் மணமக்கள் படத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். அதை எல்லாரும் நன்றாகவே எடுப்பார்கள். கோயிலுக்குள் வெளிச்சம் குறைந்த மூலையில் நிற்கும் பெரியம்மாவின் முகம் தெரிகிறதா? உச்சி வெயிலில் வாசலில் எடுத்த படத்தில் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல நிழல் விழுந்திருக்கிறதா? பந்தியில் வாயைத் திறந்தபடி இருப்பவரை எடுத்திருக்கிறாரா, சிரிக்கும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறாரா? ஆளின் கைப்பக்குவம் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று. மார்கழியில் இந்துக் கல்யாணம் இல்லை, கிறிஸ்தவர்களின் திருவருகைக் காலத்தில் கோயில் கல்யாணமும் பெரும்பாலும் இல்லை. இரண்டு கூட்டமும் தையில் ஒரே நாளில் வந்து விழும். ஸ்டுடியோக்காரர் ஒரு நாளில் இரண்டு மூன்று அட்வான்ஸ் வாங்கியிருப்பார். “அன்றைக்கு எங்க வீட்டில் கேமராவைப் பிடிக்கப்போறது யார்?” என்று கேட்டு, அந்த ஆளின் பெயரை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் பார்த்துப் பிடித்துப்போன படங்களை எடுத்த கைதான் உங்கள் வீட்டுக்கும் வர வேண்டும்.

மணமகள், சாயல்குடி: கேண்டிட், டிரெடிஷனல், டாக்குமெண்டரி, ஃபைன் ஆர்ட் என்று பேக்கேஜில் பெயர் பெயராக இருக்கிறது. எனக்கு எது வேண்டும் என்றே சொல்லத் தெரியவில்லை.

தாலி கட்டும் அந்த ஒரு நொடியை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

டிரெடிஷனல்காரர் உங்களுக்கு நேர் எதிரே நிற்பார். “மாப்பிள்ளை, கையை அப்படியே வைங்க, இங்க பாருங்க” என்பார். ஃபிளாஷ் அடிக்கும். தாலி, இரண்டு முகம், இருபக்கத்துப் பெற்றோர் எல்லாம் பளிச்சென்று விழும், எல்லாரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேண்டிட்காரர் பக்கவாட்டில், நீள லென்ஸோடு எங்கேயோ தள்ளி நிற்பார். மூன்றாவது முடிச்சுப் போடக் குனிந்த நாத்தனாரின் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்ப்பதும், அதைக் கண்டு நீங்கள் சிரிப்பை அடக்குவதும் அவருக்குத்தான் கிடைக்கும். டாக்குமெண்டரிக்காரருக்குத் தாலி கட்டுவது நாளின் ஒரு பகுதி. விடியற்காலையில் அடுப்பு மூட்டும் சமையல்காரரிலிருந்து, எல்லாரும் போன பிறகு காலி மண்டபத்தில் நாற்காலி அடுக்கும் பையன் வரைக்கும் கோத்துக்கொண்டு போவார், யாரையும் இப்படித் திரும்பு, அப்படி நில் என்று சொல்ல மாட்டார். ஃபைன் ஆர்ட்காரர் தாலி கட்டி முடிந்ததும் உங்கள் இருவரையும் கூட்டத்திலிருந்து பிரித்துக் கூட்டிப் போய், ஒளி பார்த்து, பின்னணி பார்த்து, ஓவியத்துக்கு நிறுத்துவதுபோல நிறுத்தி எடுப்பார்.

ஒரு எச்சரிக்கை. “கேமராவைப் பார்க்காம, எதையோ நினைச்சுச் சிரிக்கிற மாதிரி நில்லுங்க” என்று சொல்லி எடுப்பதையும் கேண்டிட் என்று விற்கிறார்கள். அது வேறு பக்கம் பார்க்கும் டிரெடிஷனல். நிஜமான கேண்டிட் எடுக்கிறவர் பேசவே மாட்டார். 1948-ல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்த பிரெஞ்சுக்காரர் ஆரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஒரு சின்ன லைகா கேமராவோடு கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துதான் வேலை செய்தார். ஃபிளாஷ் அவருக்கு ஆகவே ஆகாது. அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்றைய கேண்டிட்காரர்கள்.

உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிய, வீட்டில் இருக்கும் பழைய ஆல்பங்களைப் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான பாணி. ஒரு டிரெடிஷனல், ஒரு கேண்டிட் என்று இரண்டு பேர் வைப்பது உத்தமம். ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், என் யோசனை டிரெடிஷனல்தான். காரணத்தை இன்னொரு வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், விளாத்திகுளம்: என்ன மாடல் கேமரா வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டுமா?

வேண்டாம். “படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகுமா?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு கார்டு பழுதானால் இன்னொன்று காப்பாற்றும்.

மாப்பிள்ளையின் தகப்பனார், வேம்பார்: போட்டோக்காரர் பீடத்துக்கு மேலே ஏறக் கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்புறம் மோதிரம் மாற்றுவதும் தாலி கட்டுவதும் எப்படி விழும்?

நன்றாகவே விழும். சாமியார் சொன்னது புதுச் சட்டமும் இல்லை. நற்கருணை வழிபாடு பற்றி 1967-ல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தலிலேயே இது இருக்கிறது: படம் எடுப்பதால் திருப்பலி கெடக் கூடாது, எடுத்தாலும் அடக்கமாக, அந்தந்த மறைமாவட்ட விதிப்படி எடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கும் வாரத்திலேயே போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் நகரக் கூடாது, ஃபிளாஷ் எப்போது வேண்டாம் என்று மூவரும் நின்று பேசி முடியுங்கள். எழுந்தேற்ற நேரத்திலும் நற்கருணை வழங்கும்போதும் கேமரா கீழே இறங்கிவிட வேண்டும். தெரிந்த போட்டோகிராபர் முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்திலிருந்தே 70-200 லென்ஸில் மோதிரத்தை எடுத்துவிடுவார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் போட்டோக்காரரின் முதுகையும் கேமரா முக்காலியையும் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்மதம் சொல்லும் பெண்ணின் குரல் தழுதழுத்தபோது அவள் அம்மாவுக்கு மகள் முகம் தெரியவில்லை, நடுவில் வீடியோக்காரர். அந்த அம்மா அதைப் பிறகு டிவியில்தான் பார்த்தார்.

புது மாப்பிள்ளை, தருவைக்குளம்: கடலில் சூரியன் மறையும்போது நாங்கள் இருவரும் கைகோத்து நடக்கும் படம் வேண்டும். வேம்பார் கரையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலை 6 மணிக்கு, சூரியன் உதிக்கும்போது. உங்கள் ஊரைப் போலவே வேம்பாருக்கும் கடல் கிழக்கே. கடலில் சூரியன் விழ வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறுங்கள். விடிகாலைக் கடல் சும்மா அல்ல. அலை அடங்கியிருக்கும், வள்ளங்கள் கரை திரும்பும், வெளிச்சம் முகத்துக்கு நேரே தாழ்வாக வரும். ஒரு மணி நேரம்தான், அதற்குள் மேக்கப் முடிந்திருக்க வேண்டும். மாலை வேண்டும் என்றே மனம் கேட்டால் கடலுக்கு முதுகைக் காட்டி ஊருக்குள் திரும்புங்கள். சூரியன் பனைமரத்துக்குப் பின்னால்தான் இறங்கும். கருப்பட்டிக்குப் பெயர்போன ஊரில் பனையை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுகிறீர்கள்?

அதே மாப்பிள்ளை: நல்லதண்ணித் தீவுக்குப் போட் பிடித்துப் போனால்?

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. வேம்பார் கூட்டத்தைச் சேர்ந்த உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி மூன்றும் அதில் சேர்த்தி. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு. சுற்றிலும் பவளப்பாறை வேறு, நங்கூரம் பட்டால் உடைந்துபோகும். அந்தப் பவளப்பாறையில் வளர்கிற மீன்தான் உங்கள் வீட்டுச் சோறு. வேலியைத் தாண்டி எடுத்த படத்தை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்?

மணமகளின் தம்பி, வைப்பாறு: டிரோன்?

வாசலில் மேளத்தோடு மாப்பிள்ளை வருவதை எடுக்க அழகாக இருக்கும், பத்து நிமிடம் போதும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட 2021 விதிப்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கோயிலுக்குள் வேண்டாம்.

மணமகள், கீழவைப்பாறு: நான் கறுப்பு. “கவலைப்படாதீங்க, எடிட்டிங்கில் வெள்ளையாக்கித் தர்றேன்” என்கிறார் போட்டோகிராபர். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அந்தச் சங்கடத்துக்கு முழு நியாயம் இருக்கிறது. அவரை மாற்றுங்கள்.

பழி உங்கள் நிறத்தின் மேல் இல்லை, அவருடைய கையின் மேல். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெள்ளைப் பட்டுடுத்தி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது அது “வெளிச்சம் அதிகம்” என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். சேலை சாம்பலாகும், முகம் இருட்டாகும். அந்த இருட்டைத்தான் பிறகு எடிட்டிங்கில் வெள்ளையடித்து மறைக்கிறார்கள், முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். விவரம் தெரிந்தவர் சேலையை விட்டுவிட்டு முகத்துக்கு ஒளி அளப்பார், ஒரு பக்கத்திலிருந்து மென்மையாக வெளிச்சம் கொடுப்பார். கறுத்த தோலில் அந்த வெளிச்சம் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் எண்ணெய் தடவிய பனங்கொட்டைபோல ஒரு மினுக்கம் தரும். வெள்ளைத் தோலில் அது வராது.

இந்தக் கோணல் ஊர்க்காரர் ஒருவரோடு முடிவதும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. உலகத்தின் மற்றத் தோல்களெல்லாம் அந்த ஷெர்லிக்குத் தக்கபடி பிரிண்ட் ஆயின. பல்வேறு நிறத்தவர் சேர்ந்து நிற்கும் அட்டை வர 1990-கள் ஆயிற்று. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். புது போட்டோகிராபரிடம், “நான் இப்ப இருக்கிற நிறத்திலேயே, நல்ல வெளிச்சத்தில்” என்று எழுதிக் கொடுங்கள். அவர் எடுத்த கறுப்பு மணப்பெண்ணின் படம் ஒன்றைக் காட்டச் சொல்லவும் மறக்காதீர்கள்.

பெயர் வேண்டாம், வேம்பார்: குரூப் போட்டோ எடுத்தே ரெண்டு மணி நேரம் போயிடுது. இந்தக் காலத்தில் அது தேவையா? எல்லாம் கேண்டிடா இருந்தா போதாதா?

தேவை. இதற்காகத்தான் சாயல்குடி மணமகளைக் காத்திருக்கச் சொன்னேன்.

உங்கள் தெருவிலேயே நடு வீட்டில் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளில் அந்தப் படம் பெரும்பாலும் யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்ததுதான். தோளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் தோள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். சட்டை இஸ்திரி போட்டதாக இருக்கும், தலை சீவியிருக்கும். அவர் தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. அன்றைக்கு “அண்ணே, கொஞ்சம் முன்னால வாங்க” என்று ஒரு போட்டோக்காரர் கூப்பிட்டதால்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா முகம் இருக்கிறது. கேண்டிடில் அவர் பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார், உச்சந்தலை மட்டும் விழுந்திருக்கும்.

இரண்டு மணி நேரம் ஆவது படத்தால் அல்ல, ஆளைத் தேடுவதால். தாய்மாமன் குடும்பம், அத்தை குடும்பம், மைனி வீட்டார், படகுக் கூட்டாளிகள் என்று ஒரு தாளில் வரிசை எழுதி, எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த சித்தப்பா ஒருவரிடம் கொடுங்கள். முக்கால் மணியில் முடியும். போட்டோகிராபரிடம் சொல்ல வேண்டியது: லென்ஸின் துவார எண்ணை (f) எட்டு அல்லது அதற்கு மேல் வைத்து, பின்வரிசை முகமும் கூர்மையாக வரும்படி எடுக்க வேண்டும். வரிசைக்கு மூன்று நான்கு கிளிக், யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார்.

கப்பல் ஊழியர், கடலிலிருந்து: தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. யூடியூபில் லைவ் போடுகிறார்களாம். எங்கள் கப்பலில் நெட் விட்டு விட்டுத்தான் வரும்.

லைவை நம்பாதீர்கள், பதிவை நம்புங்கள். லைவ் ஓடும்போதே தனியாக ஒரு கேமராவில், ஸ்டாண்டில் நிறுத்தி, முழுத் திருப்பலியும் வெட்டாமல் பதிவாக வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஒலியைக் கோயில் மைக் செட்டிலிருந்து நேரே வயர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கேமரா மைக்கில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும், தங்கை சொல்லும் சம்மதம் கேட்காது. லைவுக்கு இரண்டு வேறு கம்பெனி சிம் வேண்டும். நீங்கள் வந்த பிறகு, தங்கையும் மச்சானும் அதே கல்யாண உடுப்பை உடுத்திக்கொண்டு உங்களோடு ஒரு படம் எடுக்கட்டும். ஆல்பத்தில் கடைசி ஷீட்டை அதற்காகக் காலியாக விடச் சொல்லுங்கள்.

மணமகன், தூத்துக்குடி: எங்கள் படங்களை ஸ்டுடியோக்காரர் கேட்காமலே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். கேட்டால், “எடுத்தது நான், உரிமை எனக்கு” என்கிறார்.

இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவரே. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்று ஒரு வாசகம் உண்டு, அங்கேதான் கவனம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் “படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே” என்று இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும். எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் அந்தப் பிரிவைச் சொல்லிப் படங்களை நீக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எத்தனை படம், எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள், எடிட் செய்யாத மூலப் படங்கள் கிடைக்குமா, இணையத்தில் போடலாமா. இந்த ஐந்தையும் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

மணமகளின் அம்மா, புன்னக்காயல்: கல்யாணம் முடிந்து எட்டு மாதம். பாக்கிப் பணமும் கொடுத்தாச்சு. ஆல்பம் “அடுத்த வாரம், அடுத்த வாரம்” என்றே போகிறது.

முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: தேதி, கொடுத்த தொகை, 15 நாள் கெடு. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம்.

ஆனால் அதற்கும் முன்னால், இன்றைக்கே ஒரு பென் டிரைவோடு போய்ப் படங்களை வாங்கிக்கொள்ளுங்கள். என் அக்கா கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோ அத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க நாங்கள் சோம்பல்பட்டுத் தள்ளிப்போட்ட நான்காவது மாதம் அது செத்துப்போனது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது ஒரு மாமா செல்போனில் எடுத்த 11 படம். அப்பா அழுத படம் அதில் இல்லை. ஆல்பம் தாமதமானால் பொறுக்கலாம், படம் உங்கள் கையில் இருக்கட்டும்.

இல்லத்தரசி, வேம்பார்: 15 வருட ஆல்பம், பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் செய்த வேலை. ஒட்டிய பக்கத்தைப் பிய்க்காதீர்கள், படம் தாளோடு வந்துவிடும். பிரிந்திருக்கும் பக்கங்களை முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இனி பீரோவின் அடித்தட்டில், வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் பக்கத்தில் போடுங்கள். மாதம் ஒருநாள் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள், அந்தச் சாக்கில் புரட்டியும் பார்க்கலாம்.

ஒரு பாட்டி, வேம்பார் (பேத்தி எழுதி அனுப்பியது): எங்க கல்யாணத்தப்ப படம் எடுக்க வசதி இல்ல. 54 வருசம் ஆச்சு. பேத்தி கல்யாணத்துக்கு வாற போட்டோக்காரரை வச்சு நானும் தாத்தாவும் ஒண்ணு எடுத்துக்கிட்டா ஊரு சிரிக்குமா?

சிரிக்காதம்மா. உங்கள் காலத்திலும் அதற்கு முந்தியும் கல்யாணப் படம் என்பதே பல வீடுகளில் கல்யாணத்தன்று எடுத்தது இல்லை. சில நாள் கழித்துப் புதுமணத் தம்பதி டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டதுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்துவைத்திருக்கிறது, அவ்வளவு மதிப்பு அந்தப் படங்களுக்கு. ஆகவே கழித்து எடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். உங்களுக்குக் கொஞ்சம் நாள் கூடிவிட்டது.

பேத்திக்கு மேக்கப் நடக்கும் அந்தக் காலை நேரத்தில் போட்டோகிராபர் சும்மாதான் நிற்பார், பத்து நிமிடம் கேளுங்கள். மேற்கே பார்த்த வாசலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி ஒரு மரநாற்காலி போடச் சொல்லுங்கள். அங்கே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ஃபிளாஷ் வேண்டாம், சுருக்கத்தை எடிட்டிங்கில் அழிக்கவும் வேண்டாம் என்று பேத்தி சொல்லிவிடட்டும். பழைய ஸ்டுடியோ வழக்கப்படி தாத்தாவை உட்காரவைத்து உங்களை நிற்கச் சொல்வார்கள். 54 வருசம் நின்றாகிவிட்டது, நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.